இன்ஜின் வேலை முடிந்தும் வண்டி மிஸ்ஸாகிறதா?

பீஸ் மூட்டை ஏற்றும் எக்ஸ்எல் ஆகட்டும், ஆளை ஷிப்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் ஸ்பிளெண்டர் ஆகட்டும், திருப்பூரில் வண்டிக்கு ஓய்வு கிடையாது. ஒருநாள் புகை தள்ளும். சனிக்கிழமைச் சம்பளத்தில் கொஞ்சம் கொஞ்சமாக ஒதுக்கி, ரீபோர் அடித்து, பிஸ்டன் மாற்றி, ஒர்க்‌ஷாப்பிலிருந்து எடுத்து வந்தால் புகை நின்றிருக்கும். புதிதாக ஒரு திணறல் வந்திருக்கும். "புது இன்ஜினுங்க, ஓட ஓடச் சரியாயிருமுங்க" என்பார் மெக்கானிக். புது பிஸ்டன் ஆரம்பத்தில் சற்று இறுக்கமாக இருக்கும் என்பது உண்மைதான். ஆனால் மிஸ்ஸிங் ஓட ஓடச் சரியாகாது. வேலைக்கு முன் இல்லாத கோளாறு, வேலையில் கழற்றி மாட்டிய இடத்தில்தான் இருக்கும்; அதுவும் பெரும்பாலும் இன்ஜினுக்கு வெளியே. மறுபடி ஹெட்டைக் கழற்ற விடுவதற்கு முன் இந்த வரிசையில் பாருங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பாருங்கள். மூன்றை ஒன்றாக மாற்றினால் எது தப்பு என்றே தெரியாமல் போகும்.

1. முதலில் அது மிஸ்ஸிங்கா, அதிர்வா என்று பிரித்துக்கொள்ளுங்கள். சத்தம் சீராக இருந்து, கைப்பிடியும் ஃபுட்ரெஸ்ட்டும் மட்டும் நடுங்கினால், இன்ஜினை ஃபிரேமோடு பிடிக்கும் போல்ட் ஒன்று சரியாக முறுக்கப்படவில்லை. ஸ்பேனர் வேலையோடு முடிந்துவிடும். சத்தமே விட்டு விட்டு வந்தால் அது மிஸ்ஸிங்.

2. கரண்டைப் பாருங்கள். இன்ஜினை இறக்கி ஏற்றும்போது எர்த் ஒயர் போல்ட்டுக்கு அடியில் சரியாக உட்காராமல் போவதும், மேக்னெட்டிலிருந்து வரும் கப்ளர் அரைகுறையாகச் செருகப்படுவதும் சாதாரணம். பிளக்கைக் கழற்றிக் கேப்பில் செருகி, பிளக் துளையிலிருந்து தள்ளி, அதன் உலோகப் பகுதி ஹெட்டில் நன்றாகப் படும்படி வைத்துக் கிக்கரை மிதியுங்கள். நீல நிறத்தில் பொறி பளிச்சென்று பாய வேண்டும். மஞ்சளாக, சோகையாக வந்தால் பிளக்கையும் கேப்பையும் மாற்றிப் பாருங்கள். பெட்ரோல் சிந்திய இடத்தில் இதைச் செய்யாதீர்கள். பிளக்கை எதிலும் படாமல் அந்தரத்தில் விட்டு மிதித்தால் சிடிஐ யூனிட் கெட்டுப்போகலாம்.

3. கழற்றிய பிளக்கை அப்படியே மாட்டிவிடாமல் நுனியைப் பாருங்கள். வெளிர் காப்பி நிறம் நல்லது. காய்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம். வெள்ளையாக வெந்திருந்தால் காற்று அதிகம். எண்ணெய் பிசுபிசுப்போடு கறுத்திருந்தால் ரிங் வழியாகவோ வால்வு சீல் வழியாகவோ ஆயில் ஏறுகிறது. பாதி நோயை இந்தச் சிறு நுனியே சொல்லிவிடும்.

4. இது நம்ம ஊருக்கே உரிய கோளாறு, பனியன் வேஸ்ட். கட்டிங் டேபிளில் மிஞ்சும் துண்டுகள் கிலோக் கணக்கில் ஒர்க்‌ஷாப்புக்குப் போகின்றன. கை துடைக்க அதைவிட நல்ல துணி கிடையாது. இன்ஜினுக்கு உள்ளே துடைக்க அதைவிட மோசமான துணியும் கிடையாது. பின்னல் துணியை வெட்டினால் விளிம்பிலிருந்து பொடிப் பிசிறு உதிர்ந்துகொண்டே இருக்கும். கார்புரேட்டர் கிண்ணத்தை அதில் துடைத்து மாட்டினால், ஒற்றை இழை பெட்ரோலில் மிதந்து போய் பைலட் ஜெட்டில் சுருண்டு உட்கார்ந்துகொள்ளும். அந்த ஜெட்டின் துளை அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தால், வட்டமாகத் தெரிய வேண்டிய ஒளிப்புள்ளி பிறை மாதிரி தெரியும். ஐட்லிங் நிற்காது, ஆக்சிலரேட்டரை முறுக்கினால் ஓடும், சோக் போட்டால் தேறும். இந்த மூன்றும் சேர்ந்தால் ஜெட் அடைப்பு என்று நம்பலாம். கம்பி விட்டுக் குத்தாதீர்கள், துளை பெரிதாகிவிடும். கார்புரேட்டர் கிளீனர் அடித்து, கம்ப்ரஸர் காற்றில் ஊதச் சொல்லுங்கள். அடுத்த முறை வண்டியை வேலைக்கு விடும்போது, பலமுறை துவைத்துப் பிசிறு போன பழைய வேட்டி ஒன்றைக் கையோடு கொண்டுபோய்க் கொடுங்கள். மெக்கானிக் சிரிப்பார், சிரிக்கட்டும்.

5. நிட்டிங் கம்பெனி வாசலில் நாளெல்லாம் நிற்கும் வண்டியின் ஏர் ஃபில்டரில் பஞ்சு படலமாகப் படியும். சிலிண்டர் இதழ்களுக்கு நடுவிலும் எண்ணெயோடு சேர்ந்து அப்பிக்கொள்ளும். இன்ஜினைப் புதுப்பித்துவிட்டுப் பழைய ஃபில்டரையே மாட்டியிருந்தால் வண்டி கறுப்புப் புகையோடு திணறும். அதற்காக ஃபில்டரைக் கழற்றி எறிந்துவிட்டு ஓட்டினால் தூசு நேரே புது பிஸ்டனுக்குப் போகும்.

6. கார்புரேட்டருக்கும் ஹெட்டுக்கும் நடுவிலுள்ள இணைப்பில் காற்று இழுக்கிறதா என்று பாருங்கள். பழைய ஓ-ரிங்கை மாட்டியிருந்தாலோ, ரப்பர் வெடித்திருந்தாலோ ஐட்லிங் தானாக ஏறி இறங்கும். இன்ஜின் ஓடும்போது அந்த இடத்தைச் சுற்றிச் சோப்புத் தண்ணீர் கொஞ்சம் தெளியுங்கள். சத்தம் மாறினால் ஓட்டை அங்கேதான். பெட்ரோலைத் தெளித்துப் பார்க்கும் வழக்கம் சிலருக்கு உண்டு, வேண்டவே வேண்டாம்.

7. ஒர்க்‌ஷாப்பில் வாரக்கணக்கில் நின்ற வண்டி என்றால் டேங்க்கில் இருக்கும் பெட்ரோலைச் சந்தேகியுங்கள். இப்போது பங்க்குகளில் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்துதான் வருகிறது. எத்தனால் ஈரத்தை இழுக்கும்; தண்ணீர் அதிகமானால் பிரிந்து அடியில் தங்கிவிடும். பழையதை வடித்துவிட்டுப் புதிது ஊற்றுங்கள். கொஞ்ச தூரம் ஓடி நின்று, சிறிது நேரம் விட்டால் மறுபடி ஸ்டார்ட் ஆகிறதென்றால் டேங்க் மூடியின் காற்றுத் துளையைப் பாருங்கள். மழைக்காக மூடிக்கு அடியில் பிளாஸ்டிக் தாள் வைத்தவர்கள் அதை எடுத்துவிட்டு ஓட்டிப் பாருங்கள்.

8. ஆக்சிலரேட்டரை விடும்போது சைலன்சரில் பட் பட் என்று வெடித்தால், பெண்ட் பைப் ஹெட்டில் சேரும் இடத்தில் கேஸ்கட் மாற்றினார்களா என்று கேளுங்கள்.

9. குளிர்ந்திருக்கும்போது நன்றாக ஓடி, சூடேறியதும் இழுவை போய், சிக்னலில் அணைந்துவிடும் வண்டிக்கு டாப்பெட் டைட்டாக இருக்கும். சத்தம் வரக்கூடாது என்று கூடுதலாக முறுக்கிக் கொடுப்பவர்கள் உண்டு. சூட்டில் வால்வு நீளும்; இடைவெளி இல்லாவிட்டால் முழுவதும் மூடாது, நாளடைவில் எக்ஸாஸ்ட் வால்வு கருகும். இன்ஜின் நன்றாக ஆறிய பிறகு, ஃபீலர் கேஜ் வைத்து, உங்கள் வண்டிக்கான அளவில் வைக்கச் சொல்லுங்கள். லேசான டிக் டிக் சத்தத்தோடு வாழ்ந்துவிடலாம், கருகிய வால்வோடு முடியாது.

10. மேலே சொன்ன எல்லாம் சரியாக இருந்தும், ஸ்டார்ட் ஆகவே அடம்பிடித்து, இழுவையே இல்லையென்றால் டைமிங் செயினைப் பாருங்கள். மேக்னெட்டில் உள்ள டி குறி நேராக நிற்கும்போது கேம் சக்கரத்தின் குறியும் ஹெட்டிலுள்ள குறிக்கு நேராக வர வேண்டும். ஒரு பல் தள்ளி மாட்டினாலும் வண்டி ஓடும், ஆனால் ஒழுங்காக ஓடாது.

11. கடைசியாகத்தான் கம்ப்ரஷன். பிளக் துளையில் கேஜ் வைத்து அளக்கச் சொல்லுங்கள். குறைவாகக் காட்டினால் ஒரு ஸ்பூன் ஆயிலை அதே துளையில் விட்டு மறுபடி அளக்க வேண்டும். அளவு ஏறினால் குறை ரிங்கிலோ போரிலோ. ஏறாவிட்டால் வால்வு சரியாக உட்காரவில்லை, அல்லது ஹெட் கேஸ்கட் கசிகிறது. ஹெட்டைக் கழற்ற ஒப்புக்கொள்வது இதற்குப் பிறகுதான்.

12. பழைய டூ ஸ்ட்ரோக் எக்ஸ்எல்லுக்கு டாப்பெட்டும் கிடையாது, டைமிங் செயினும் கிடையாது. அதில் ஐட்லிங் எகிறினால் மேக்னெட் பக்க ஆயில் சீலைச் சந்தேகியுங்கள். இன்ஜின் வேலை முடிந்த பயத்தில் பெட்ரோலில் டூ-டி ஆயிலை இஷ்டத்துக்கு ஊற்றினால் பிளக் நனைந்து மிஸ்ஸாகும். 2015-இல் வந்த எக்ஸ்எல் 100 ஃபோர் ஸ்ட்ரோக். அதன் பெட்ரோலில் ஆயில் கலக்கவே கூடாது.

13. 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ்-6 வண்டிகளில் பெரும்பாலானவை ஃபியூயல் இன்ஜெக்‌ஷன். இவற்றில் ஜெட்டும் இல்லை, ஸ்க்ரூவைத் திருகும் கைவைத்தியமும் இல்லை. மீட்டரில் இன்ஜின் விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். எரிந்தால் ஸ்கேனர் உள்ள இடத்துக்குக் கொண்டுபோங்கள். சைலன்சரைக் கழற்றி மாட்டியபோது ஆக்சிஜன் சென்சாரின் ஒயர் விட்டுப்போயிருக்கலாம்.

14. எதைச் சோதித்தாலும் வாசலிலோ தெருவிலோ வைத்துச் சோதியுங்கள். லைன் வீட்டு நடையிலும், மூடிய குடோனிலும் இன்ஜினை ஓடவிட்டால் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு ஆளைக் கொல்லும். அதற்கு வாசனையும் கிடையாது.

15. முதல் 500 கிலோமீட்டருக்கு மூட்டை ஏற்றாதீர்கள், ஒரே வேகத்தில் விரட்டாதீர்கள். ரீபோர் அடித்த மறுநாளே ஐந்து மூட்டையை அடுக்கி காங்கேயம் ரோட்டில் முறுக்கினால் பிஸ்டன் சீஸ் ஆகும், செய்த செலவு அத்தனையும் மறுபடி. அந்த தூரம் முடிந்ததும் ஆயிலை மாற்றிவிடுங்கள்.

16. பழைய பிஸ்டனையும் ரிங்கையும் கேட்டு வாங்குங்கள். ரீபோர் அளவு 0.25-ஆ, 0.50-ஆ என்று பில்லில் எழுதி வாங்கி ஆர்சி நகலோடு வையுங்கள். அடுத்த முறை லேத் பட்டறையில் முதலில் கேட்பது அதைத்தான்.