கடல் கடந்த கூட்டு: பல்கலைக்கழகங்களிடம் வியாபாரிகள் படிக்க வேண்டிய பாடம்

பல்கலைக்கழகத்துக்கும் பலசரக்குக் கடைக்கும் என்ன சம்பந்தம் என்று வாசகர்களில் சிலர் கேட்கக்கூடும். சம்பந்தம் இருக்கின்றது. கடந்த இருபத்தைந்து வருடங்களாக உலகின் பெரிய பல்கலைக்கழகங்கள் பல வெளிநாடுகளில் கிளை திறக்கின்றன. உள்ளூர்ப் பங்காளிகளைத் தேடுகின்றன. ஒப்பந்தம் எழுதுகின்றன. சில வேளைகளில் கதவை மூடிவிட்டுத் திரும்பியும் வருகின்றன. நாம் சீனாவிலுள்ள உற்பத்தியாளரிடம் ஏக முகவர் உரிமை பெறுவதும், மாலைதீவில் ஒருவரோடு சேர்ந்து கடை போடுவதும் இதே வகையான வேலைதான். ஒரு வித்தியாசம் உண்டு. அவர்களுடைய இலாப நட்டம் ஊரறிய வெளியே வந்துவிடுகின்றது. எமது கூட்டு வியாபாரம் முறிந்தால் அது இரண்டு குடும்பங்களின் மனத்தாங்கலாக உள்ளேயே கிடந்துவிடுகின்றது. மற்றவர்கள் அதிலிருந்து பாடம் படிக்க வழியில்லை.

இன்னொரு காரணமும் இருக்கின்றது. எமது பிள்ளைகளில் பலர் இன்று வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களோடு தொடர்புடைய நிறுவனங்களில் படிக்கின்றார்கள். கடையை அடகு வைத்துக் கட்டணம் கட்டும் தந்தைமாரும் இருக்கின்றார்கள். அந்தக் கூட்டு எப்படி அமைகின்றது என்பது அவர்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

சிங்கப்பூரில் ஒரே ஒரு தவணை

அவுஸ்திரேலியாவின் சிட்னி நகரிலுள்ள நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகம் பெயரெடுத்த ஒன்று. சிங்கப்பூர் அரசாங்கம் தன் நாட்டைக் கல்விச் சந்தையாக மாற்ற விரும்பி அதனை அழைத்தது. நிதியுதவியும் தர முன்வந்தது. பல்கலைக்கழகம் தனக்கே முழுக்கச் சொந்தமான கிளையொன்றை 2007 மார்ச்சில் திறந்தது. காலப்போக்கில் பல ஆயிரம் மாணவர்கள் படிக்கும் பெரிய வளாகமாக அது வளரும் என்பதே திட்டம்.

முதல் தவணைக்கு சுமார் 300 மாணவர்களை எதிர்பார்த்தார்கள். வந்தவர்கள் 148 பேர். இரண்டு மாதம் கழித்து மே மாதத்தில் கிளையை மூடுவதாக அறிவித்தார்கள். ஜூன் இறுதியோடு எல்லாம் முடிந்தது. மாணவர்களுக்கு சிட்னியில் இடம் தருவதாகச் சொன்னார்கள். ஆனால் வீட்டிலிருந்து படிக்கலாம் என்று சேர்ந்த பிள்ளைக்கு வேறு நாட்டுக்குப் போவது இலேசான காரியமா?

எங்கே பிழைத்தது? சிங்கப்பூரில் ஏற்கனவே நல்ல உள்ளூர்ப் பல்கலைக்கழகங்கள் இருந்தன. அவற்றின் கட்டணமோ குறைவு. அதிகம் செலவழிக்கத் தயாரான தந்தை, பிள்ளையை நேராக சிட்னிக்கே அனுப்பிவிடலாம். ஆக இரண்டுக்கும் நடுவில் நிற்கின்ற சரக்கை யார் வாங்குவார் என்பதே கேள்வி. அழைத்தவர் அரசாங்கம்தான், ஆனால் பணம் கட்ட வேண்டியவர் மாணவர். இந்த இருவரையும் ஒருவராக எண்ணிக் கொண்டால் கணக்குப் பிழைத்துவிடும். ஒரு கட்டடச் சொந்தக்காரர் குறைந்த வாடகைக்குக் கடை தருகிறார் என்பதற்காக அந்தத் தெருவில் வாடிக்கையாளர் இருப்பார் என்று அர்த்தமில்லை.

ஒரு விடயத்தில் அவர்களைப் பாராட்டவும் வேண்டும். 2006 இல் உபவேந்தராக வந்த பிரெட் ஹில்மர் முன்னர் பெரிய பத்திரிகை நிறுவனமொன்றை நடத்தியவர். கணக்கைப் பார்த்தவுடன், இன்னும் பணத்தைக் கொட்டினால் சிட்னியிலுள்ள தாய்ப் பல்கலைக்கழகத்துக்கே ஆபத்து என்று தீர்மானித்தார்கள். நட்டத்தை ஏற்று நிறுத்தினார்கள். எம்மவர்களில் எத்தனை பேர் நட்டத்தில் ஓடும் கிளையைக் கௌரவத்துக்காகத் தாய்க் கடையின் பணத்தால் இழுத்துக்கொண்டு போகிறோம் என்பதை யோசித்துப் பாருங்கள்.

மலேசியாவில் சிறிதாகத் தொடங்கியவர்கள்

இதற்கு மறுபுறமான உதாரணம் பிரித்தானியாவின் நொட்டிங்ஹாம் பல்கலைக்கழகம். 2000 ஆம் ஆண்டில் அது மலேசியாவில் கிளை திறந்தது. எடுத்த எடுப்பில் பெரிய வளாகம் கட்டவில்லை. கோலாலம்பூர் நகரத்துக் கட்டடமொன்றில் ஆரம்பித்தார்கள். மாணவர்கள் வருகிறார்கள், பெயர் நிற்கின்றது என்று கண்ட பின்னர், 2005 இல்தான் நகருக்கு வெளியே செமினி என்ற இடத்தில் கட்டிய சொந்த வளாகத்துக்கு மாறினார்கள். இன்றும் அது இயங்குகின்றது.

இங்கே பங்காளிகளைத் தேர்ந்தெடுத்த விதம் கவனிக்கத்தக்கது. மலேசியாவின் பூஸ்டெட் குழுமமும் வை.டி.எல். நிறுவனமும் அன்று சேர்ந்து கொண்டன. பூஸ்டெட் பெரும் பங்கை எடுத்தது. முதலும் உள்ளூர் அனுபவமும் உள்ளூர் நிறுவனங்களிடம். பாடத்திட்டமும் பரீட்சைத் தரமும் பட்டமும் பல்கலைக்கழகத்தின் கையில். ஒருவர் முதலும் மற்றவர் உழைப்பும் போடும் முழாரபா, இருவரும் முதல் போடும் முஷாரகா என்று நாம் மார்க்கச் சட்டத்தில் படிப்பவற்றின் அடிப்படையும் இதுதான். யார் எதைப் போடுகிறார், எதில் யாருடைய சொல் செல்லும் என்பது தொடக்கத்திலேயே தெளிவாக இருக்க வேண்டும்.

சீனாவில் 2003 இல் வந்த சட்டவிதிகளின்படி, வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் அங்கே பட்டப் படிப்பு நடத்துவதாயின் சீன நிறுவனமொன்றோடு கூட்டுச் சேர வேண்டும். நொட்டிங்ஹாம் 2004 இல் வான்லி கல்விக் குழுமத்தோடு சேர்ந்து நிங்போ நகரில் தொடங்கியது. அதற்கு முன்னரே, 2001 இல், சீனப் பௌதிகவியலாளர் யாங் ஃபூஜியா அப்பல்கலைக்கழகத்தின் வேந்தராக நியமிக்கப்பட்டிருந்தார். அவருடைய பூர்வீகம் நிங்போ. முன்னர் ஷங்காயின் ஃபுடான் பல்கலைக்கழகத்தின் தலைவராக இருந்தவர். நாட்டை அறிந்த, நாட்டவர் மதிக்கின்ற ஒருவர் தலைமையில் இருந்துகொண்டு கூட்டுச் சேர்வதற்கும், விமானத்தில் போய் ஒரு நாள் பேசிவிட்டுக் கையெழுத்திடுவதற்கும் எவ்வளவு தூரம்!

பிரியும்போதும் ஒழுங்கு வேண்டும்

அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகமும் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகமும் 2011 இல் உடன்படிக்கை செய்து 2013 இல் கூட்டாக ஒரு கல்லூரியைத் திறந்தன. பணம் சிங்கப்பூர் பக்கம். பெயரும் அனுபவமும் யேல் பக்கம். பட்டத்தைக் கொடுத்தது சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம், யேல் அல்ல.

2021 ஓகஸ்டில் சிங்கப்பூர்த் தரப்பு இந்தக் கூட்டை முடித்துக்கொள்வதாக அறிவித்தது. 2025 இல் இரு தரப்பில் எவரும் விலகலாம் என்று உடன்படிக்கையில் ஏற்கனவே எழுதப்பட்டிருந்தது. படித்துக்கொண்டிருந்த பிள்ளைகள் தம் படிப்பை முடிக்க இடம் கொடுத்து, 2025 இல் கல்லூரி மூடப்பட்டது. மாணவர்களும் பழைய மாணவர்களும் மனம் வருந்தினார்கள், கண்டனமும் செய்தார்கள். ஆனாலும் எவரும் நடுத்தெருவில் விடப்படவில்லை. நியூ சவுத் வேல்ஸ் விடயத்தோடு இதை ஒப்பிட்டால், எழுத்தின் பெறுமதி விளங்கும்.

கட்டாரிலுள்ள டெக்சாஸ் ஏ அன்ட் எம் பல்கலைக்கழகத்தின் கிளை 2003 இலிருந்து பொறியியல் கற்பித்து வருகின்றது. செலவைக் கட்டார் மன்றம் ஏற்றது. மாணவர் பற்றாக்குறையோ பணப் பற்றாக்குறையோ இதற்குக் காரணமல்ல. 2024 பெப்ரவரியில் அமெரிக்காவிலுள்ள அதன் ஆளுநர் சபை, மத்திய கிழக்கின் நிலையற்ற சூழலைக் காட்டி, 2028 ஆம் ஆண்டளவில் கிளையை மூடுவதற்கு வாக்களித்தது. நல்ல வியாபாரமும் தாய்நாட்டின் காற்று மாறினால் நின்றுவிடும் என்பதற்கு இது உதாரணம்.

கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளுமாறும் சாட்சி வைக்குமாறும் வழிகாட்டும் அல்பகரா அத்தியாயத்தின் 282 ஆவது வசனம் அல்குர்ஆனிலேயே மிக நீண்டது என்பது எம்மில் அநேகருக்குத் தெரியும். ஆனால் சொந்தக்காரன், ஊரான், ஒரே பள்ளியில் தொழுபவன் என்று சொல்லி நாம் எழுதாமலே கூட்டுச் சேர்கின்றோம். எழுதுவது நம்பிக்கையீனத்தின் அடையாளமல்ல. இருவரில் ஒருவர் மௌத்தானால் அநாதையாக நிற்கும் பிள்ளைகளின் உரிமையைக் காப்பதற்காகவும் அது எழுதப்படுகின்றது.

திட்டமிடும் ஒழுங்கு

மேலே சொன்ன நான்கு அனுபவங்களையும் பார்த்தால், வெளிநாட்டுக் கூட்டுக்கு முன்னர் செய்ய வேண்டியவற்றை இவ்வாறு வரிசைப்படுத்தலாம். பல்கலைக்கழகத்துக்கும் இதுதான். புறக்கோட்டைக் கடைக்கும் இதுதான்.

முதலாவது, நிய்யத். ஏன் போகின்றோம்? பணத்துக்கா, புதிய தொழில்நுட்பத்துக்கா, பெயருக்கா? ஒரே கூட்டில் மூன்றையும் தேடினால் மூன்றும் கிடைக்காமல் போகலாம்.

இரண்டாவது, எம்மிடம் என்ன இருக்கின்றது? மற்றவர் எம்மைத் தேடி வருவதற்கான ஒரு பொருளாவது எம்மிடம் இருக்க வேண்டும். வெறும் கையோடு போகிறவர் பங்காளியல்ல, மனுதாரர்.

மூன்றாவது, எண்ணிக்கை. பல்கலைக்கழகங்களில் புரிந்துணர்வு உடன்படிக்கைகள் அலுமாரி நிறைய இருக்கும். கைகுலுக்கிப் படம் எடுத்ததோடு அவற்றில் பல தூங்கிவிடும். நூறு விசிட்டிங் கார்டைவிட வருடம் தோறும் சரக்கு அனுப்பும் இரண்டு ஆட்கள் மேல். தூங்குகின்ற தொடர்புகளை வருடத்துக்கு ஒரு தடவை எண்ணி, உயிருள்ளதை வைத்து மற்றதை விடுங்கள்.

நான்காவது, பொறுப்பாளர். எல்லாருக்கும் பொறுப்பு என்றால் எவருக்கும் பொறுப்பில்லை. கடிதத்துக்குப் பதில் எழுதவும், கணக்கைப் பார்க்கவும் பெயர் குறித்து ஒருவர் வேண்டும்.

ஐந்தாவது, எல்லை. எவ்வளவு நட்டம் வரை தாங்குவோம், எத்தனை வருடம் பொறுப்போம் என்பதைத் தொடங்கும் முன்னரே ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திடுங்கள். நட்டம் வந்த பிறகு அந்த எல்லையைத் தீர்மானிக்கப் போனால் ரோசம் குறுக்கே வரும்.

ஆறாவது, வெளியேறும் வழி. பிரிந்தால் சரக்கு யாருக்கு, பெயர் யாருக்கு, வேலையாட்களின் சம்பளம் யார் பொறுப்பு?

தந்தைமார் கேட்க வேண்டியவை

பிள்ளையை இவ்வாறான கூட்டு நிறுவனமொன்றில் சேர்க்கும் முன்னர், அழகான வரவேற்பு மண்டபத்தைப் பார்த்து மயங்காமல் நான்கு கேள்விகளைக் கேளுங்கள். பட்டச் சான்றிதழில் யாருடைய பெயர் இருக்கும்? அந்தப் பல்கலைக்கழகத்தை எமது பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு அங்கீகரிக்கின்றதா? வைத்தியம் போன்ற துறையாயின் இலங்கை மருத்துவ சபை ஏற்கின்றதா? இரு நிறுவனங்களுக்கும் இடையிலான ஒப்பந்தம் நடுவில் முறிந்தால் என் பிள்ளையின் கதி என்ன? கடைசிக் கேள்விக்கு எழுத்தில் பதில் வாங்குங்கள். பதில் சொல்லத் தயங்குகின்ற இடத்தில் பணத்தைக் கட்ட அவசரப்பட வேண்டாம். சரக்கு பழுதானால் அடுத்த கொள்கலனில் ஈடுசெய்யலாம். பிள்ளையின் மூன்று வருடத்தை எந்தக் கொள்கலனில் கொண்டுவருவது?

வர்த்தகரின் பங்கு

கல்வி படித்தவர்களின் விடயம், எமக்கென்ன என்று ஒதுங்குவதும் சரியல்ல. பேருவளையில் ஜாமிஆ நளீமிய்யாவை 1973 இல் உருவாக்கிய நளீம் ஹாஜியார் ஒரு மாணிக்க வியாபாரி. அறிஞர்களிடம் கல்வியை ஒப்படைத்து, பொருளைத் தான் சுமந்தார். ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் 1995 இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி மறுவருடம் முழுப் பல்கலைக்கழகமாக உயர்ந்தது. இத்தகைய நிறுவனங்கள் வெளிநாட்டோடு தொடர்பை வளர்க்க விரும்பும்போது, அந்நாடுகளில் வருடக்கணக்காகக் கொடுக்கல் வாங்கல் செய்கின்ற எமது வர்த்தகர்களிடம் கொடுப்பதற்கு நிறைய இருக்கின்றது. எந்த நாட்டில் யாருடைய வார்த்தை நிற்கும், எந்த அலுவலகத்தில் காரியம் நடக்கும் என்பது புத்தகத்தில் இல்லை. ஒரு மாணவனைப் பயிலுநராக எமது வெளிநாட்டுப் பங்காளியிடம் ஆறு மாதம் அனுப்பி வைப்பதே பெரிய உதவிதான்.

அடுத்த கப்பலுக்கு ஓடர் கொடுக்கும் முன்னர், இப்போதுள்ள உங்கள் வெளிநாட்டுக் கூட்டுக்களை ஒரு தாளில் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே நோக்கம், பொறுப்பாளர், நட்ட எல்லை, வெளியேறும் வழி என்று நான்கு கோடு போடுங்கள். வெறுமையாகக் கிடக்கும் கோடுகளை இந்த மாதத்துக்குள் பங்காளியோடு இருந்து பேசி நிரப்புங்கள். அல்லாஹ் எமது கொடுக்கல் வாங்கல்களில் பரக்கத் செய்வானாக.