ஊருக்குப் போகும் வழியில் ஒரு வரலாற்று நகரம்

தில்லியில் வாழும் நம் குடும்பங்கள் பெரும்பாலும் ஆண்டுக்கு ஒரு முறையாவது சொந்த ஊருக்குப் போய் வருகின்றன. புது தில்லியிலிருந்து சென்னை சென்ட்ரல் ஏறத்தாழ 2,180 கிலோமீட்டர். இவ்வளவு தூரத்தைப் பற்றி நம் பிள்ளைகளுக்கு என்ன தெரியும் என்று கேட்டுப் பாருங்கள். ஆக்ரா என்றால் பேத்தா மிட்டாய், நாக்பூர் என்றால் ஆரஞ்சுப் பழம், விஜயவாடா வந்துவிட்டால் இட்லி. விமானத்தில் போகும் பிள்ளைகளுக்கு இந்த அளவு கூடத் தெரியாது.

நான் சிவில் டிப்ளமா படித்து ரயில்வேயில் சேர்ந்தவன். இருப்புப்பாதைப் பராமரிப்பிலும் பாலங்களிலும் பணி செய்து ஓய்வு பெற்றேன். வரலாறு என் படிப்பு அன்று. ஆனால் பாதையைப் பார்வையிட டிராலியில் மெதுவாகப் போகிறவனுக்கு, எக்ஸ்பிரஸ் வண்டியில் போகிறவர்கள் கேட்காத ஒரு கேள்வி வந்துவிடும்: இந்த ஊர் ஏன் இந்த இடத்தில் இருக்கிறது? அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு, பார்க்க வேண்டிய வரலாற்று நகரத்தை எப்படித் தேர்ந்தெடுக்கலாம் என்பதை இக்கட்டுரையில் சொல்ல விரும்புகிறேன்.

காலம் குறைவு

பிள்ளைகள் ஐந்தாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை படிக்கும் ஆறு ஆண்டுகளே இதற்கு ஏற்ற காலம். அதற்கு முன் அழைத்துச் சென்றால் கால் வலிக்கிறது என்பார்கள். அதற்குப் பின் டியூஷன், நுழைவுத் தேர்வு. பிறகு கல்லூரி, வேலை என்று எங்கோ போய்விடுவார்கள். ஆகவே நம் கையில் இருப்பவை ஆறு பயணங்கள். ஆறையும் சுற்றுலா நிறுவனங்களின் பட்டியலைப் பார்த்துச் செலவழிப்பதா, நாமே யோசித்துச் செலவழிப்பதா என்பதுதான் கேள்வி.

தாஜ்மகாலையும் ஜெய்ப்பூரையும் பார்க்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அவை தில்லிக்கு அருகில் இருப்பவை. எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம். ஊருக்குப் போகும் தடத்திலேயே உள்ள நகரங்களை நாம் தாண்டித் தாண்டிப் போகிறோம். 1929-இல் காஜிபேட் - பல்லார்ஷா இணைப்பு முடிந்த பிறகே தில்லிக்கும் சென்னைக்கும் இந்த நேர்வழி கிடைத்தது. இந்த வழியில் ஆண்டுக்கு ஒரே ஓர் ஊரில் இறங்கினால் போதும்.

கேட்க வேண்டிய மூன்று கேள்விகள்

முதற் கேள்வி: நகரம் ஏன் இங்கே தோன்றியது? ஆறா, மலையா, வணிகப் பாதையா? இதற்கு விடை கண்ணால் பார்க்கும்படி இருக்க வேண்டும்.

இரண்டாம் கேள்வி: எத்தனை காலங்கள் ஒரே ஊரில் தெரிகின்றன? ஒரே அரசர் ஒரே காலத்தில் கட்டியதை மட்டும் பார்த்தால் பிள்ளைகளுக்குப் படம் பார்த்த நினைவுதான் இருக்கும். பல காலங்கள் அடுத்தடுத்துத் தெரிந்தால், நாடு எப்படி உருவானது என்பது விளங்கும்.

மூன்றாம் கேள்வி: முக்கியமான இடங்கள் நிலையத்திலிருந்து 15 கிலோமீட்டருக்குள் உள்ளனவா? குடும்பத்தோடு ஓர் இரவு தங்கி, ஒன்றரை நாளில் பார்த்து முடிக்க வேண்டும் அல்லவா?

இம்மூன்றுக்கும் நன்றாக விடை சொல்லும் மூன்று ஊர்களை எடுத்துக்கொள்வோம்.

குவாலியர்: பாதையைக் காத்த மலை

கங்கைச் சமவெளியிலிருந்து மாளவத்துக்கும் தக்காணத்துக்கும் போகும் வழியில் தனியே எழுந்து நிற்கும் மணற்கல் மலை இது. மேற்பரப்பு தட்டையானது, குளங்கள் உள்ளன. மேலே தண்ணீர், கீழே பாதை. மலையைப் பிடித்தவர் பாதையைப் பிடித்தார். முதற் கேள்விக்கு விடை ரயிலிலிருந்தே தெரியும்.

மலையேறும் கிழக்குப் பாதையில், பாறையைக் குடைந்த சிறிய சதுர்புஜ் கோவில் இருக்கிறது. கி.பி. 876-ஐச் சேர்ந்த கல்வெட்டு அங்கு உள்ளது. கோவிலுக்கு நாள்தோறும் 50 பூமாலை கொடுப்பதற்காக 270 முழ நீளமுள்ள தோட்டம் விடப்பட்ட செய்தியைச் சொல்வது அது. அந்த 50-இலும் 270-இலும் உள்ள சுழியத்தைச் சிறு வட்டமாகக் காணலாம். இந்தியக் கல்வெட்டுகளில் சுழியம் தெளிவாகத் தெரியும் மிகப் பழைய இடங்களுள் இது ஒன்று. கணக்குப் பாடத்தில் படிக்கும் சுழியத்தை, பூமாலைக் கணக்கில் பார்க்கும் பிள்ளை அதை மறக்காது.

மேலே 1093-ஆம் ஆண்டைச் சேர்ந்த சாஸ் பகூ கோவில் இருக்கிறது. 1486 முதல் 1516 வரை ஆண்ட தோமர் அரசர் மான் சிங்கின் அரண்மனையில் நீல ஓடுகளால் ஆன வாத்து வரிசையைச் சிறுவர்களே கண்டுபிடிப்பார்கள். மலைச்சரிவில் 15-ஆம் நூற்றாண்டில் செதுக்கிய பெரிய சமண உருவங்கள் உள்ளன. ஊருக்குள் சூஃபி ஞானி முகமது கௌஸின் சமாதி. அதே வளாகத்தில் இசை மேதை தான்சேனின் எளிய சமாதி. அங்கிருந்த புளியமரத்தின் இலையைத் தின்றால் குரல் இனிமையாகும் என்று பாடகர்கள் நம்பி வந்தார்கள்.

ஒரு யோசனை. வாகனத்தில் மேற்கே உள்ள ஊர்வாய் வாசல் வழியாக ஏறினால் சமண உருவங்களைப் பார்க்கலாம். இறங்கும்போது கிழக்குப் பாதையில் நடந்து வாருங்கள். சதுர்புஜ் கோவிலைப் பார்த்துவிட்டு, அடிவாரத்தில் உள்ள குஜரி மகால் அருங்காட்சியகத்தில் முடிக்கலாம். ஏறும் வழியிலேயே இறங்கினால் பாதியைப் பார்க்காமல் வந்துவிடுவோம்.

விதிஷா: சாஞ்சிக்குக் காரணமான ஊர்

சாஞ்சி எல்லோருக்கும் தெரியும். அது யாரால் அங்கே வந்தது என்பது பலருக்குத் தெரியாது. சாஞ்சியிலிருந்து சுமார் 10 கிலோமீட்டரில் இருக்கும் விதிஷா, பேத்வா ஆறும் பேஸ் ஆறும் கூடும் இடத்தில் இருந்த பெரிய வணிக நகரம். வடக்கேயிருந்து உஜ்ஜயினிக்கும் மேற்குக் கடற்கரைக்கும் போன வணிகர்கள் இவ்வழியே போனார்கள். அசோகர் இளவரசராக இருந்தபோது இவ்வூர் வணிகர் ஒருவரின் மகளை மணந்தார் என்று இலங்கையின் மகாவம்சம் கூறுகிறது.

சாஞ்சிப் பெருந்தூபியின் தொடக்கம் கி.மு. 3-ஆம் நூற்றாண்டு. கற்களில் கொடை கொடுத்தவர்களின் பெயர்கள் நூற்றுக்கணக்கில் உள்ளன. அரசர்களை விட வணிகர், இல்லத்தரசியர், துறவியர் பெயர்களே அதிகம். தெற்குத் தோரண வாயிலின் வேலைப்பாட்டைச் செய்தவர்கள் விதிஷாவின் தந்தச் செதுக்குநர்கள் என்று அங்கேயே எழுதியிருக்கிறது. யானைத் தந்தத்தில் பழகிய கைகள் கல்லில் வேலை செய்ததால்தான் அவ்வளவு நுணுக்கம்.

விதிஷாவின் புறநகரில் ஒரு கல்தூண் நிற்கிறது. தட்சசீலத்திலிருந்து வந்த ஹெலியோடோரஸ் என்ற கிரேக்கத் தூதர், கி.மு. 2-ஆம் நூற்றாண்டின் இறுதியில் வாசுதேவருக்காக நாட்டிய கருடத் தூண் அது. தம்மைப் பாகவதர் என்றே அவர் அதில் சொல்லிக்கொள்கிறார். உள்ளூர் மக்கள் அதைக் ‘காம் பாபா’ என்று கும்பிட்டு வந்தார்கள். அந்தப் பகுதிக் கீமேன் ஒருவர்தான் முதன்முதலில் எனக்கு அந்தப் பெயரில் அதைக் காட்டினார். அது யார் நாட்டியது என்று பின்னர் படித்துத் தெரிந்துகொண்டேன்.

சற்றுத் தள்ளி உதயகிரிக் குகைகள். குப்தர் காலத்து வராக உருவம் 5-ஆம் நூற்றாண்டுச் சிற்பக் கலைக்குச் சிறந்த சான்று. இனி இன்னொரு செய்தி: சாஞ்சியை 1912 முதல் 1919 வரை ஜான் மார்ஷல் சீரமைத்தபோது அப்பணிக்கும் அருங்காட்சியகத்துக்கும் பொருளுதவி செய்தவர் போபாலை ஆண்ட சுல்தான் ஜகான் பேகம். பௌத்த வணிகர் கட்டியதை இஸ்லாமிய அரசி காப்பாற்றிக் கொடுத்தார். இந்த நாட்டின் பன்மை பற்றிப் பிள்ளைகளுக்குப் பிரசங்கம் வேண்டாம். இதை எடுத்துச் சொன்னால் போதும்.

வாரங்கல்: தண்ணீரைத் தானே உண்டாக்கிய நகரம்

இந்த ஊரின் பழைய பெயர் ஓருகல்லு. தெலுங்குப் பெயர்தான், ஆனால் ‘ஒரு கல்’ என்று நம் பிள்ளைகளே பொருள் சொல்லிவிடுவார்கள். ஊரின் நடுவே ஒற்றைக் கற்பாறைக் குன்று இருக்கிறது. முதற் கேள்விக்கான விடை இங்கே வேறு விதம். ஊர் ஓரத்தில் பேராறு எதுவும் இல்லை. காகதீய அரசர்கள் ஏரிகளை வெட்டித் தண்ணீரைத் தேக்கினார்கள். பாகால், ராமப்பா ஏரிகள் 13-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. மேட்டு நிலங்களுக்கு இடையே எங்கே கரை போட்டால் அதிகத் தண்ணீர் நிற்கும் என்பதை அறிந்து கட்டியிருக்கிறார்கள். கரை கட்டும் வேலை தெரிந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அந்த இடத்தேர்வு லேசான காரியம் அன்று.

ஹனம்கொண்டாவில் 1163-இல் எழுந்த ஆயிரங்கால் கோவிலைப் பார்த்துவிட்டுக் கோட்டைக்குப் போங்கள். வெளியே மண் மதில், உள்ளே அகழி, கல் மதில் என வட்டம் வட்டமாக அமைந்தது. கணபதி தேவரும் அவர் மகள் ருத்ரமா தேவியும் பலப்படுத்தியது. 13-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஒரு பெண் இங்கே அரசாண்டார் என்பதை நம் பெண் குழந்தைகள் தெரிந்துகொள்ள வேண்டும். 1323-இல் தில்லிப் படையிடம் கோட்டை விழுந்தது. நடுவிலிருந்த கோவில் அழிந்து நான்கு கல் தோரணங்கள் எஞ்சின. அந்தத் தோரணமே 2014-இல் தெலங்கானா அரசின் சின்னத்தில் இடம் பெற்றது. அருகிலேயே குஷ் மகால் என்ற பிற்காலக் கட்டடம். மதிலுக்குள் இன்றும் வீடுகளும் வயல்களும் உண்டு.

இன்னொரு நாள் கிடைத்தால் சுமார் 70 கிலோமீட்டரில் பாலம்பேட்டை ராமப்பா கோவில். 1213-இல் கட்டப்பட்டது, 2021-இல் உலகப் பாரம்பரியச் சின்னமாயிற்று. கோபுரத்துக்கு நீரில் மிதக்கும் அளவு இலேசான செங்கல், அடித்தளத்துக்கு மணல் நிரப்பு. மேலே எடையைக் குறைத்துக் கீழே அதிர்வைத் தாங்க வைத்த கட்டுமானம்.

திட்டமிடும் முறை

இறங்கிப் போவதற்குச் சீட்டை இரு பகுதியாக முன்பதிவு செய்வது எளிது. தூரம் கூடக் கூடக் கிலோமீட்டருக்கான கட்டணம் குறையும் ஆதலால், இரண்டு சீட்டாக எடுத்தால் கொஞ்சம் கூடுதலாகும். 2024 நவம்பர் 1 முதல் முன்பதிவுக் காலம் 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைக்கப்பட்டது. இரண்டு சீட்டுக்குமான தேதிகளைக் குறித்துக்கொள்ளுங்கள்.

மே மாதத்தில் குவாலியரில் வெயில் 45 டிகிரியைத் தொடும் நாட்கள் உண்டு. கோடையில் போகிறவர்கள் காலை 6 மணிக்குத் தொடங்கி 10 மணிக்குள் வெளியிடங்களை முடித்துவிட வேண்டும். தசரா விடுமுறையில் ஊருக்குப் போகிறவர்களுக்கு இத்தொல்லை இல்லை. சாஞ்சி அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. மாநில அரசு அருங்காட்சியகங்கள் பலவற்றுக்குத் திங்கட்கிழமை. மத்தியத் தொல்லியல் துறையின் சின்னங்களில் 15 வயதுக்கு உட்பட்டோருக்கு நுழைவுக் கட்டணம் இல்லை.

ஊரில் அப்பாவும் அம்மாவும் வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பார்களே, அவர்களோடு இருக்கும் நாளைக் குறைப்பதா என்று சிலர் கேட்பது நியாயம். என் கருத்து, போகும்போது நேராகப் போய்விடுங்கள், திரும்பும்போது இறங்குங்கள். முடிந்தால் அவர்களையும் உடன் அழைத்து வாருங்கள். பெரியவர்களுக்குக் கோவிலின் சிற்பத்தில் இருக்கும் கதை தெரியும், பிள்ளைகளுக்குப் பாடப்புத்தகத்தில் உள்ள ஆண்டு தெரியும். இருவரும் சேர்ந்து பார்த்தால்தான் முழுமையாகும்.

மும்பை வழியில் உறவினர் உள்ளவர்கள் கலபுரகியையும் (1347-இல் பாமினி அரசின் தலைநகரானது), கல்கத்தா வழியில் போகிறவர்கள் புவனேஸ்வரத்தையும் இதே மூன்று கேள்விகளால் சோதித்துப் பார்க்கலாம்.

பிள்ளைகளுக்கு ஒரு வேலை

புறப்படுமுன் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கிக் கொடுங்கள். ஒவ்வோர் ஊருக்கும் நான்கு பக்கம். முதல் பக்கத்தில் ஊர், ஆறு, மலை, ரயில் பாதை நான்கையும் குறித்துக் கையால் வரைந்த படம். இரண்டாம் பக்கத்தில் பார்த்த கட்டடங்களைக் கால வரிசையில் எழுதுவது. மூன்றாம் பக்கத்தில் அந்த ஊர்க்காரர் ஒருவரிடம் கேட்டறிந்த செய்தி. நான்காம் பக்கத்தில், இந்த ஊர் ஏன் இங்கே இருக்கிறது என்பதற்குத் தங்கள் விடை.

நான்காம் பக்கத்தைத் தமிழில் எழுதச் சொல்லுங்கள். பிழை இருந்தால் பரவாயில்லை. பெற்றோர் திருத்திவிட வேண்டாம். எழுதியதைச் சங்க அலுவலகத்தில் கொடுத்தால் இம்மலரில் வெளியிட வேண்டும் என்று ஆசிரியர் குழுவை நானே கேட்டுக்கொள்கிறேன். இந்த விடுமுறையில் எந்த ஊரில் இறங்கலாம் என்பதை இன்றிரவே பிள்ளைகளோடு உட்கார்ந்து முடிவு செய்யுங்கள்.