செய்துகாட்டலும் சோதித்தறிதலும்

விஞ்ஞானப் பாடத்தில் சோதனை இடம்பெற வேண்டும் என்பதில் எவருக்கும் கருத்து வேற்றுமை இல்லை. ஆயினும் பல பள்ளிகளில் சோதனை என்று வழங்குவது, ஆசிரியர் மேசைமீது செய்துகாட்டும் காட்சியே ஆகும். மாணாக்கர் அதைப் பார்க்கின்றனர். புத்தகத்தில் முன்னரே படித்த விடையைக் குறிப்பேட்டில் எழுதுகின்றனர். இதனால் பாடம் நினைவில் நிற்கலாம். ஆராயும் பழக்கம் வாராது. விடை இன்னதென்று அறியாத நிலையில் மாணாக்கன் தானே அளந்து, எதிர்பார்த்ததற்கும் கண்டதற்கும் உள்ள வேற்றுமைக்குக் காரணம் தேடும்போதுதான் அப்பழக்கம் தொடங்குகிறது.

இம்முறையைக் கிராமப் பள்ளிகளிலேயே கையாண்டு காட்டியது, இன்று நர்மதாபுரம் எனப்படும் மத்தியப் பிரதேசத்து ஹோஷங்காபாத் மாவட்டம். 1972-ஆம் ஆண்டில் கிஷோர் பாரதி, ரசூலியா ஃபிரண்ட்ஸ் ரூரல் சென்டர் என்னும் இரு தொண்டு நிறுவனங்கள் 16 நடுநிலைப் பள்ளிகளில் இதைத் தொடங்கின. 1978-இல் இது மாவட்டம் முழுவதற்கும் பரவியது. 2002-இல் மாநில அரசு இத்திட்டத்தை நிறுத்திவிட்டது. கருவேல முள்ளே ஊசியாகப் பயன்பட்ட வகுப்புகள் அவை; ஆகவே கருவிகள் இல்லை என்பது தக்க காரணமாகாது. அங்கே புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டே மாணாக்கர் தேர்வு எழுதினர். செய்முறைத் தேர்வும் நடந்தது. மனப்பாடத்துக்கு மதிப்பெண் கொடுத்துக்கொண்டே சிந்தனையை வளர்க்க முடியாது என்பதை அத்திட்டத்தார் நன்கு உணர்ந்திருந்தனர்.

ஆசிரியர்கள் நாளையே தொடங்கத்தக்க சோதனை ஒன்றைக் காண்போம். நூல், கல், வினாடி காட்டும் கடிகாரம் ஆகிய மூன்றும் போதும். கல்லை நூலில் கட்டி, தொங்கும் புள்ளியிலிருந்து கல்லின் நடுப்பகுதி வரை 1 மீட்டர் இருக்குமாறு ஊசல் அமைக்க. சிறிதளவே இழுத்து விட்டு, 20 அலைவுகளுக்கு ஆகும் நேரத்தைக் குறிக்கச் செய்க. ஏறத்தாழ 40 வினாடி வரும். சில குழுக்களுக்கு 38 வினாடி வரக்கூடும். அதை ஆசிரியர் திருத்திவிடலாகாது. இரு குழுவினரும் ஒருவர் செய்வதை ஒருவர் பார்க்கட்டும். கல்லை விடும் கணத்திலேயே ‘ஒன்று’ என்று எண்ணத் தொடங்கியவர்கள், 19 அலைவுகளையே 20 எனக் கொண்டுள்ளனர் என்பது சற்று நேரத்தில் வெளிப்படும். விடும்போது ‘சுழி’ என்று எண்ண வேண்டும் என்னும் விதியை மாணாக்கரே வகுத்துக்கொள்வர்.

அடுத்து, நேரம் பாதியாகக் குறைய நீளத்தை எவ்வளவாக வைக்க வேண்டும் என்று கேட்க. விடையைச் சோதனைக்கு முன்பே எழுதி வாங்குவது இன்றியமையாதது. பெரும்பாலோர் 50 சென்டிமீட்டர் என்றே எழுதுவர். அளந்தால் 20 வினாடி வாராது. 28 வினாடிக்குச் சற்று மேல் வரும். இந்த ஏமாற்றமே பாடத்தின் உயிர்நிலை. உடனே சூத்திரத்தைச் சொல்லிவிட்டால் அது வீணாகும். பல நீளங்களை வைத்துப் பார்த்து, 25 சென்டிமீட்டரில் 20 வினாடியை அவர்களே அடையட்டும்.

கல்லின் எடையைப் பற்றியும் ஐயம் எழும். ஒரு மாணாக்கன் பெரிய கல்லைக் கட்டி, அது மெதுவாக ஆடுகிறது என்று சொல்லக்கூடும். அவன் அளந்தது பொய்யன்று. பெரிய கல்லின் நடுப்பகுதி சற்றுத் தாழ்ந்திருப்பதால், நூல் அதுவாகவே இருந்தும் ஊசலின் நீளம் கூடிவிட்டது. எடை ஒன்றையே மாற்றுவதாக எண்ணியவன் இரண்டை மாற்றிவிட்டான். நீளத்தைச் சரிசெய்து மீண்டும் அளந்தால் நேரம் மாறாதிருக்கக் காண்பான். ‘ஒன்றை மட்டும் மாற்றுக’ என்னும் விதி இங்கே பொருளுடையதாகிறது.

களப்பணியாளர்களுக்கு இவ்விதி புதிதன்று. புது உரமிட்ட பாத்தியில் தண்ணீரும் கூடுதலாகப் பாய்ந்திருந்தால், விளைச்சல் மிகுந்ததற்குக் காரணம் உரமா, நீரா என்று சொல்ல இயலாது.

அவர்கள் பள்ளியோடு சேர்ந்து நடத்துவதற்கு ஏற்றது விதைச் சோதனை. பாடநூல்களில் வரும் அவரை விதைச் சோதனையில் காற்றில் ஒன்று, நீர்மட்டத்தில் ஒன்று, நீருள் ஒன்று என மூன்றே விதைகள் உள்ளன. அவற்றுள் ஒன்று சொத்தையாயிருப்பின் முடிவே பிழையாகும். இதைவிடப் பயனுடையது, மாணாக்கர் தம் வீட்டிலிருந்து கொணரும் விதைநெல்லின் முளைப்புத் திறனைக் காண்பது. ஒரு வீட்டு நெல்லை நன்கு கலந்து, ஆளுக்கு 5 விதைகளாக 20 பேருக்கு அளித்து, ஈரத்துணியில் சுற்றி வைக்கச் சொல்க. பொறுக்கி எடுத்தல் கூடாது. முளைத்தவற்றை எண்ணும்போது ஒருவனுக்கு ஐந்தும், இன்னொருவனுக்கு மூன்றும் முளைத்திருக்கும். தன் ஐந்தைக் கொண்டு மட்டும் சொன்னால் ஒருவன் நூறு சதவீதம் என்பான். மற்றவன் அறுபது என்பான். இருபது பேரின் எண்ணிக்கையையும் கூட்டினால்தான் நம்பத்தக்க அளவு கிடைக்கும்.

சான்று பெறும் நெல் விதைக்கு முளைப்புத் திறன் குறைந்தது 80 சதவீதம் இருத்தல் வேண்டும். வகுப்பின் கணக்கு அதற்கு மிகவும் கீழே இருப்பின், நாற்றங்கால் விடுவதற்கு முன்பே அச்செய்தி அவ்வீட்டாருக்குச் சேர வேண்டும். ஆகவே இச்சோதனையை விதைப்புக்கு மூன்று வாரமேனும் முன்னதாக வைத்துக்கொள்க. வேறு விதை தேட அவர்களுக்கு நாள் இருக்கும்.