பரணில் கிடப்பதை ஆன்லைனில் விற்கலாமா?

கேள்வி: பழைய மிக்ஸி, குழந்தையின் தொட்டில், மாமியார் காலத்து மர பீரோ எல்லாம் சும்மா கிடக்கின்றன. ஆன்லைனில் போட்டால் காசு வருமா?
– வாசகி, மதுரை

பதில்: வரும். ஓஎல்எக்ஸ், ஃபேஸ்புக் மார்க்கெட்பிளேஸ் இரண்டிலும் போடுங்கள். பழைய மிக்ஸிக்குப் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம். பீரோ தேக்கு என்றால் அவசரப்பட்டு விலையைக் குறைக்காதீர்கள். பகல் வெளிச்சத்தில் படமெடுங்கள், கீறல் இருந்தால் அதையும் காட்டுங்கள். நீளம், அகலம், உயரம் கட்டாயம் எழுதுங்கள். தங்கள் வீட்டு வாசலில் பீரோ நுழையுமா என்றுதான் வாங்குபவர்கள் முதலில் யோசிப்பார்கள்.

எனக்குக் கவலை பணம் கைமாறும் இடத்தில்தான். “ராணுவத்தில் இருக்கிறேன், நேரில் வர முடியாது, பணம் அனுப்புகிறேன்” என்று பேரமே பேசாமல் ஒருவர் க்யூஆர் கோடு அனுப்பினால், தயவுசெய்து ஸ்கேன் செய்யாதீர்கள். யூபிஐயில் பணம் பெறுவதற்கு ஸ்கேனும் வேண்டாம், பின் நம்பரும் வேண்டாம். பின் நம்பர் போட்டால் பணம் உங்கள் கணக்கிலிருந்துதான் போகும். அப்படிப் போய்விட்டால், வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-ஐ அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, பணத்தை முடக்கி மீட்கும் வாய்ப்பு அவ்வளவு அதிகம்.

பொருளைப் பார்க்க வருபவர்களை, வீட்டில் இன்னொருவர் இருக்கும் நேரத்தில் வரச்சொல்லுங்கள். பணம் கணக்கில் ஏறியதை வங்கிச் செயலியில் பார்த்த பிறகே பீரோவை வண்டியில் ஏற்ற விடுங்கள்.