நீச்சல் கற்போம்! உயிர் காப்போம்!

 



இன்றைய ஜும்ஆவில் நீச்சலைப் பற்றிப் பேசப் போகிறேன். தொழுகை, நோன்பு, ஜகாத் என்று கேட்டுப் பழகிய உங்களுக்கு இது புதிதாக இருக்கலாம். ஆனால் நான் இதைப் பேசக் கடமைப்பட்டவன். ஏன் என்று கேளுங்கள்.

மேட்டூர் அணை திறந்து காவிரியில் புதுத்தண்ணீர் வந்திருந்த நேரம். அஸர் தொழுகை முடித்து ஆற்றங்கரை வழியாக வந்துகொண்டிருந்தேன். படித்துறையில் ஒரே கூச்சல். நம் மக்தபில் ஓதும் மூன்று பிள்ளைகள் குளிக்க இறங்கியிருக்கிறார்கள். மணல் அள்ளிய பள்ளம் தண்ணீருக்கடியில் இருப்பது அவர்களுக்குத் தெரியவில்லை. நான் போய் நின்றபோது ஒரு பிள்ளை கரையிலிருந்து பத்தடி தூரத்தில்தான் இருந்தான். அவன் கத்தவில்லை. தலை மட்டும் மேலே வந்து வந்து போனது. எனக்கு நீச்சல் தெரியாது. "யா அல்லாஹ், யா அல்லாஹ்" என்று கரையிலேயே நின்றேன்.

ஆடு மேய்த்துக்கொண்டிருந்த சகோதர சமயத்தவர் ஒருவர் ஓடிவந்து குதித்து இரண்டு பேரை இழுத்துப் போட்டார். நான் கண்ட அந்தப் பிள்ளை மறுநாள் காலையில்தான் கிடைத்தான். ஜனாஸா தொழ வைத்தது நான்தான். அடக்கம் முடிந்ததும் அந்தப் பிள்ளையின் அத்தா என் கையைப் பிடித்து, "ஹஜ்ரத், என் புள்ள ஷஹீதுதானே?" என்று கேட்டார்.

"ஆமாம் பாய், இன்ஷா அல்லாஹ்" என்றேன்.

ஆறுதல் வேறு, அலட்சியம் வேறு

நீரில் மூழ்கி இறந்தவர் ஷஹீதுகளில் ஒருவர் என்பது புகாரீ, முஸ்லிம் இரண்டிலும் வரும் நபிமொழி. போர்க்களத்தில் வெட்டுப்பட்ட ஷஹீதுக்குக் குளிப்பாட்டுதல் இல்லை. நீரில் மூழ்கியவரைக் குளிப்பாட்டி, கஃபனிட்டு, தொழவைத்து அடக்க வேண்டும். அவர் மறுமையின் கூலியில் ஷஹீத். பிள்ளையைப் பறிகொடுத்த பெற்றோருக்கு இதைவிடப் பெரிய ஆறுதல் கிடையாது.

ஆனால் பறிகொடுத்தவருக்கான அந்த ஆறுதல், உயிரோடு இருக்கும் நமக்குச் சாக்காகி விடக் கூடாது. நம் கைகளாலேயே நம்மை அழிவில் போட்டுக்கொள்ள வேண்டாம் என்று சூரத்துல் பகராவில் அல்லாஹ் தடுக்கிறான். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கும்படி நபி (ஸல்) அவர்கள் சொன்னதாக திர்மிதீயில் வருகிறது. ஆற்றோரத்தில் வீடு, பின்னால் குளம், வயலில் கிணறு. பிள்ளைக்கோ நீச்சல் தெரியாது. இது கட்டாத ஒட்டகம் அல்லவா?

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021ஆம் ஆண்டில் மட்டும் உலகில் சுமார் 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்திருக்கிறார்கள். அவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் 5 வயது நிரம்பாத குழந்தை.

மார்க்கத்தில் நீச்சல்

அல்லாஹ்வின் நினைவு இல்லாதவையெல்லாம் வீண் விளையாட்டு, நான்கைத் தவிர என்று ஒரு நபிமொழி இமாம் நஸாயீயின் அஸ்ஸுனனுல் குப்ராவில் வருகிறது. அம்பெய்யும் இலக்குகளுக்கிடையே நடப்பது, குதிரையைப் பழக்குவது, மனைவியோடு விளையாடுவது, நான்காவது நீச்சல் கற்பது. அன்ஸாரித் தோழர்கள் இருவர் அம்பெய்து பழகிக்கொண்டிருந்தபோது ஒருவர் சோர்ந்து உட்கார்ந்துவிட, மற்றவர் இந்த ஹதீஸைச் சொல்லி உற்சாகப்படுத்தினார் என்பது அதன் பின்னணி.

'பிள்ளைகளுக்கு நீச்சலும் அம்பெய்தலும் குதிரையேற்றமும் கற்றுக்கொடுங்கள்' என்பதை நபிமொழி என்றே மேடைகளில் சொல்கிறோம். அது நபி (ஸல்) அவர்களின் சொல்லாக உறுதியாகவில்லை. சிறுவர்களுக்கு நீச்சலையும் வீரர்களுக்கு அம்பெய்தலையும் கற்றுக்கொடுக்கும்படி உமர் (ரலி) அவர்கள் ஷாமில் இருந்த அபூஉபைதா (ரலி) அவர்களுக்குக் கடிதம் எழுதிய செய்தி முஸ்னது அஹ்மதில் இருக்கிறது. ஆட்சித் தலைவரே அரசாணையாக அனுப்பிய விஷயம் இது! அதே உமர் (ரலி) அவர்கள் இஹ்ராமில் இருக்கும்போது, தண்ணீருக்குள் யார் அதிக நேரம் மூச்சடக்குகிறார் பார்ப்போம் என்று இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களைப் போட்டிக்கு அழைத்ததும் அறிவிக்கப்பட்டுள்ளது.

"இந்த வயசுக்கு மேலயா ஹஜ்ரத்?"

அந்த ஜனாஸாவுக்குப் பிறகு எனக்குத் தூக்கம் வரவில்லை. 'இப்படிச் செய்திருந்தால்' என்ற சொல் ஷைத்தானுக்கு வாசலைத் திறந்துவிடும் என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்த ஹதீஸை ஓதி மனதைத் தேற்றினேன். அது ஸஹீஹ் முஸ்லிமில் உள்ள ஹதீஸ். ஒரு நாள் அதை முழுவதுமாக எடுத்துப் பார்த்தேன். அதன் தொடக்கம் என்ன? பலமான முஃமின் பலவீனமான முஃமினைவிட அல்லாஹ்வுக்குப் பிரியமானவர். உனக்குப் பயன் தருவதில் ஆசை கொள். அல்லாஹ்விடம் உதவி தேடு. முடியாது என்று உட்கார்ந்துவிடாதே. இவ்வளவுக்கும் பிறகுதான் கடந்துபோனதைப் பற்றிய அந்த எச்சரிக்கை வருகிறது. நான் கடைசி வரியை மட்டும் பிடித்துக்கொண்டு முதல் வரிகளை விட்டுவிட்டேன்.

எனக்கு அப்போது 43 வயது. நீச்சல்குளத்தில் பயிற்சி கொடுப்பவர் யாரென்று விசாரித்தால், என்னிடம் அலிஃப், பே ஓதிய மாணவன்! இடுப்பளவுத் தண்ணீரில் அவன் முன்னால் நான் நடுங்கிக்கொண்டு நின்றேன். பக்கத்தில் ஏழு வயதுப் பிள்ளைகள் மீன் மாதிரி போகிறார்கள். வெட்கம் தாங்கவில்லை. வெட்கப்படுபவனும் பெருமையடிப்பவனும் கல்வி பெற மாட்டார்கள் என்று இமாம் முஜாஹித் (ரஹ்) சொன்னதை இமாம் புகாரீ பதிவு செய்திருக்கிறார்கள். நபித்தோழர்கள் முதிய வயதிலும் கற்றார்கள் என்றும் எழுதியிருக்கிறார்கள். அரபிக் கல்லூரியில் ஓதியது அன்றுதான் புரிந்தது.

முதல் வாரம் முழுவதும் சுவரைப் பிடித்துக்கொண்டு, முகத்தைத் தண்ணீருக்குள் வைத்து மூச்சை வெளியே விடுவது மட்டும்தான். "ஹஜ்ரத், மூச்சை அடக்காதீங்க, தண்ணிக்குள்ள மெதுவா விடுங்க, தலையைத் திருப்பி எடுத்துக்குங்க" என்பான். பயத்தில் நான் தலையைத் தூக்குவேன்; தலை தூக்கினால் கால் தாழ்ந்துவிடும். தலையைச் சாய்த்து உடம்பைத் தளர விட்டால், நெஞ்சில் நிறைந்த காற்றே நம்மை மிதக்க வைக்கும். மிதந்த பிறகு எழுந்து நிற்பதையும் தனியாகக் கற்க வேண்டும். முழங்காலை நெஞ்சுக்கு மடக்கி, கைகளால் தண்ணீரைக் கீழே அமுக்கி, பிறகு தலையைத் தூக்க வேண்டும். பெரியவர்களுக்கு இதுதான் பயத்தைப் போக்கும் பாடம்.

ஒரு நாள் சலித்துப்போய், "எனக்கு இது வராதுப்பா" என்றேன். அவன் சிரித்தான். "எனக்கு ஐன் எழுத்து மூணு வாரமா வரலை. அப்ப நீங்க என்ன சொன்னீங்க ஹஜ்ரத்?" என்று கேட்டான். "ஸப்ரு செய், வரும்" என்று சொல்லியிருந்தேன். இரண்டு மாதத்தில் அல்லாஹ்வின் உதவியால் குளத்தின் அகலத்தை நிற்காமல் கடந்தேன்.

குதிப்பதற்கு முன்

அவன் கற்றுக்கொடுத்த பெரிய பாடம் நீச்சலே அல்ல. நீச்சல்குளம் வேறு, ஆறு வேறு. ஆற்றில் இழுப்பும் சுழலும் பள்ளமும் உண்டு. மூழ்குபவரைக் காப்பாற்றக் குதித்து, அவர் கழுத்தைக் கட்டிப்பிடிக்க இருவருமே போய்விடுகிறார்கள். ஆகவே முதலில் ஆட்களைக் கூப்பிடுங்கள். கயிறு, நீளக் கம்பு, மூடிய காலி கேன், வேட்டி என்று எது கிடைத்தாலும் நீட்டுங்கள் அல்லது வீசுங்கள். நீங்கள் கரையிலேயே படுத்துக்கொள்ளுங்கள்.

இதை அவன் சொன்னபோது நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அன்று என் தலையில் தலைப்பாகை இருந்தது. ஐந்து கஜம் துணி. பிள்ளை இருந்தது பத்தடி தூரம்.

அல்லாஹ் என்னை மன்னிப்பானாக!

வெளியே எடுத்தவருக்கு மூச்சு இல்லை என்றால் வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுக்கிறேன் என்று நேரத்தை வீணாக்காதீர்கள். உடனே 108க்குச் சொல்லிவிட்டு, வாயோடு வாய் வைத்து மூச்சு கொடுங்கள். நடுமார்பை நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை என்ற வேகத்தில் அழுத்துங்கள். பழகியவரிடம் முன்பே கற்றுக்கொள்ளுங்கள்.

பேண வேண்டிய ஒழுங்குகள்

ஆண்கள் தொப்புள் முதல் முழங்கால் வரை, நனைந்தாலும் உடலைக் காட்டாத துணியால் மறைத்திருக்க வேண்டும். பெண்களுக்குத் தனி நேரம், பெண் பயிற்சியாளர், மறைவான இடம் வேண்டும். அதைக் காரணம் காட்டி பெண் பிள்ளைகளைக் கற்க விடாமல் தடுத்துவிடாதீர்கள். அவர்களையும் தண்ணீர் இழுத்துக்கொண்டு போகத்தான் செய்கிறது. நோன்போடு பழக வேண்டாம். தண்ணீர் தொண்டைக்குள் இறங்கினால் நோன்பு முறிந்துவிடும். பயிற்சிக்காகத் தொழுகையைத் தவற விடாதீர்கள்.

அன்பானவர்களே! ஓர் உயிரை வாழ வைத்தவர் மனித குலம் முழுவதையும் வாழ வைத்தவர் போன்றவர் என்று சூரத்துல் மாயிதாவில் அல்லாஹ் கூறுகிறான். அன்று அந்த நன்மையை ஆடு மேய்த்த அந்தச் சகோதரர் செய்து காட்டினார். நம் ஜமாஅத்தும் ஒன்று செய்யலாம். படித்துறையில் ஒரு கயிறும் இரண்டு காலி கேன்களும் கட்டி வைப்போம். இந்த விடுமுறையில் மக்தப் பிள்ளைகளைப் பயிற்சிக்கு அனுப்புவோம். அத்தாமார்களே, பிள்ளையை மட்டும் இறக்கிவிட்டுக் கரையில் நிற்காதீர்கள். நீங்களும் இறங்குங்கள். நான் உங்களோடு வருகிறேன்.

வல்ல ரஹ்மான் நம் பிள்ளைகளை எல்லா ஆபத்துகளிலிருந்தும் பாதுகாப்பானாக! நீரில் மூழ்கி மறைந்த பிள்ளைகளுக்கு ஷஹீதுகளின் அந்தஸ்தையும் அவர்களின் பெற்றோருக்கு அழகிய பொறுமையையும் தருவானாக! பயனுள்ளதைக் கற்கும் ஆசையை எந்த வயதிலும் நமக்குத் தந்தருள்வானாக!

ஆமீன்! ஆமீன்! யா ரப்பல் ஆலமீன்!