தும்மினால் சிறுநீர் கசிகிறதா?



நீங்கள் வாய் திறந்து கேட்கத் தயங்கும் விஷயம் ஒன்றை இம்முறை எழுதுகிறேன். இருமினால், தும்மினால், வாய்விட்டுச் சிரித்தால், உர மூட்டையைத் தூக்கினால் சில பெண்களுக்குச் சிறுநீர் கசிந்துவிடும். "பிள்ளை பெத்தவளுக்கு இதெல்லாம் சகஜந்தான்" என்பார்கள் பாட்டிமார். பலருக்கு வருவது உண்மை. ஆனால் பொறுத்துக்கிட்டே இருக்கணும் என்று கட்டாயமில்லை.

காரணம் என்ன? மூத்திரப்பையையும் கருப்பையையும் கீழிருந்து தாங்குவது இடுப்படித் தசை. பிரசவம், மாதவிலக்கு நிற்கும் வயது, உடல் பருமன், நாள்பட்ட இருமல், மலச்சிக்கல், ஓயாமல் பளு தூக்குவது ஆகியவற்றால் அது தளர்ந்துபோகும். தளர்ந்த தசையை மறுபடி பலப்படுத்தலாம். 1948-இல் அமெரிக்க மருத்துவர் ஆர்னால்ட் கெகல் எடுத்துச் சொன்ன பயிற்சிதான் இன்றும் முதல் சிகிச்சை.

செய்யும் முறை:

1. காற்று பிரிவதை அடக்குவதுபோல், ஆசனவாயையும் சிறுநீர் வரும் வழியையும் சேர்த்து உள்ளே, மேலே இழுங்கள். வயிறும் தொடையும் இறுகக் கூடாது. மூச்சை அடக்கக் கூடாது.

2. இழுத்தபடி 5 எண்ணுங்கள். தளர்த்தி 5 எண்ணுங்கள். பழகப் பழக 10 வரை போகலாம்.

3. ஒரு வேளைக்கு 8 தடவை, நாளைக்கு 3 வேளை. குறைந்தது 3 மாதம் விடக்கூடாது.

4. தும்மல் வரும்போதும், பளு தூக்கும்போதும் முன்கூட்டியே இறுக்கிக்கொள்ளுங்கள்.

பெரட்டில் நிற்கும்போதுகூடச் செய்யலாம், யாருக்கும் தெரியாது. ஆனால் சிறுநீர் போகும்போது பாதியில் நிறுத்திப் பழகாதீர்கள்.

கசிவுக்குப் பயந்து சிலர் வெயிலில் தண்ணீரே குடிப்பதில்லை. இது பெரிய தப்பு. தலை சுற்றும், நீர்க்கடுப்பும் வரும். தண்ணீரைக் குறைக்காமல், மலச்சிக்கலையும் இருமலையும் கவனியுங்கள். உடம்பு பருமனாக இருந்தால் எடையைக் குறையுங்கள். 80 கிலோ உள்ளவர் 4 கிலோ குறைத்தாலே வித்தியாசம் தெரியும்.

இவற்றால் போதிய குணம் தெரியாவிட்டால், உள்ளே வைத்துத் தாங்கும் ரப்பர் வளையம் ஒன்றை டாக்டர் அளவு பார்த்துப் பொருத்துவார். ஆப்பரேஷன் அதற்கப்புறம் யோசிக்க வேண்டியது.

சிறுநீரில் இரத்தம், எரிச்சல், காய்ச்சல், அடிவயிற்றிலிருந்து ஏதோ கீழிறங்குவதுபோல் உணர்வு, சிறுநீர் கழிக்க முடியாமல் போவது ஆகியவற்றில் எது இருந்தாலும் காத்திருக்காமல் கிளினிக் போங்கள். ஆணிடம் சொல்லக் கூச்சமாக இருந்தால் மிஸ்ஸியிடம் சொல்லுங்கள்.

கணவன்மார்களே, இதைக் கேலி பண்ணாதீர்கள். மூட்டையைத் தூக்க ஒரு கை கொடுங்கள்!