கண்ணாடித் தொட்டியில் கடல் மீன் கூட்டம்

சங்கத்துப் பொங்கல் விழாவுக்கான பாட்டு ஒத்திகை இந்த ஆண்டு எங்கள் வீட்டில் நடந்தது. இரண்டாவது பாட்டு முடிவதற்குள் குழந்தைகளில் பாதிப்பேர் கூடத்து மூலையிலிருக்கும் கடல் மீன் தொட்டிக்கு முன்னால் போய்ச் சம்மணமிட்டு உட்கார்ந்துவிட்டார்கள். அன்றிலிருந்து தொலைபேசியில் ஒரே கேள்வி: "சார், எங்க வீட்லயும் வைக்கலாமா? கூட்டமா நீந்துற மீனா வேணுங்கறாங்க பசங்க." தனித்தனியாகப் பதில் சொல்வதைவிட இதழில் எழுதிவிடலாமே என்று ஆசிரியர் சொன்னதன் பேரில் இதை எழுதுகிறேன். தாராளமாக வைக்கலாம். நான் முதல் தடவை வைத்ததுபோல வைக்க வேண்டாம், அவ்வளவுதான்.

2016-ல் என் மகள் ஐந்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாள். மும்பை மெரீன் டிரைவில் 1951-ல் திறக்கப்பட்ட தாராபோர்வாலா மீன்காட்சியகத்துக்கு அவளை அழைத்துப் போனேன். திரும்பி வரும்போது ரயிலிலேயே தொட்டிக்கு அடிபோட்டுவிட்டாள். நாலடி நீளம், ஒன்றரையடி அகலம், ஒன்றரையடி உயரம் என்று ஒரு தொட்டி செய்யச் சொன்னேன். கணக்குப் போட்டால் ஒன்பது கன அடி, ஏறத்தாழ 255 லிட்டர். தண்ணீர் மட்டுமே கால் டன்! செம்பூரில் மூன்றாம் மாடியில் குடியிருக்கும் நாங்கள் இதைச் சொசைட்டி செக்ரட்டரியிடம் சொல்லவே ஒரு வாரம் தயங்கினோம். கடைசியில் தூணை ஒட்டிய சுவரோரமாக வைத்தோம்.

மீன் என்று பார்த்தால் பச்சை குரோமிஸ். விரல் நீளம், வெளிச்சம் பட்டால் வெளிர்பச்சையும் நீலமுமாக மின்னும். லட்சத்தீவு, அந்தமான் பவளப் பாறைகளில் நிறைய உண்டு. "ஏழு வாங்குங்க, ஒற்றைப்படையா இருந்தா சண்டை வராது" என்றார் கடைக்காரர். ஒற்றைப்படைக்கும் மீனுக்கும் என்ன சம்பந்தம் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. மொய் எழுதுவதற்கு வேண்டுமானால் சரி.

முதல் பத்து நாள் கண்கொள்ளாக் காட்சி. ஏழும் ஒன்றாய்த் திரும்பும், ஒன்றாய் நிற்கும். மகள் ஒரு நோட்டில் தினமும் காலையில் எண்ணி எழுதி வைப்பாள்: ஏழு, ஏழு, ஏழு. பதினோராம் நாள் ஒரு மீன் வடிகட்டிக் குழாய்க்குப் பின்னால் ஒதுங்கியது. தீனி போட்டால் வரவில்லை, வால் துடுப்பு கிழிந்திருந்தது. மறுநாள் அவள் பள்ளிக்கூடம் போன பிறகு செத்துக் கிடந்தது. நான் செய்த காரியம் இதுதான்: அரைநாள் விடுப்புப் போட்டுவிட்டு, கடைக்கு ஓடி, அதே அளவில் ஒரு மீன் வாங்கிவந்து விட்டுவிட்டேன். மாலையில் அவள் இரண்டு நிமிடம் பார்த்தாள். "அப்பா, இது புதுசு. எல்லாம் சேர்ந்து இதைத் துரத்துது பாரு" என்றாள். "அதே மீன்தாம்மா" என்று சாதித்தேன். மூன்றாம் நாள் அந்தப் புதிய மீனும் போயிற்று. அவள் ஒன்றும் கேட்கவில்லை. நோட்டில் ஆறு என்று எழுதினாள். ஐந்து மாதத்தில் அந்த எண் ஒன்றுக்கு வந்து நின்றது.

ஏன் இப்படி ஆயிற்று என்று அதன் பிறகுதான் படிக்கத் தொடங்கினேன். மீன்கள் கூடுவதில் இரண்டு வகை உண்டு. தீனிக்கோ துணைக்கோ ஓரிடத்தில் சும்மா சேர்ந்திருப்பது ஒன்று. எல்லாம் ஒரே திசையில், ஒரே வேகத்தில், இடைவெளி மாறாமல் அணிவகுத்துப் போவது இன்னொன்று. அணிவகுப்புக்குக் கண்ணும் உதவுகிறது. உடலின் பக்கவாட்டில் ஓடும் உணர்கோடும் உதவுகிறது. பக்கத்து மீன் அசையும்போது தண்ணீரில் உண்டாகும் அலைவை அந்தக் கோடு உணர்ந்துவிடும். கண்ணை மறைத்த மீனும் கூட்டத்தோடு சேர்ந்து நீந்துகிறது என்று 1976-ல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது.

ஆனால் கூட்டம் என்பது முக்கியமாகப் பயத்தின் ஏற்பாடு. நூறு மீனுக்கு நடுவில் இருந்தால் பெரிய மீனின் வாய்க்கு நான் அகப்படுவது நூற்றில் ஒரு வாய்ப்பு. தவிர, அத்தனை பேர் மின்னி மின்னித் திரும்பும்போது வேட்டைக்கு வந்தவனுக்கே கண் கட்டும். நம் வீட்டுத் தொட்டியில் வேட்டைக்கு வருபவர் யாரும் இல்லை. பத்து நாளில் மீனுக்கு இது தெரிந்துவிடுகிறது. பயம் போனதும் கூட்டம் கலைகிறது. இடத்துக்கும் தீனிக்கும் போட்டி தொடங்குகிறது.

பவளப் பாறையிலும் குரோமிஸ் ஒன்றையொன்று கடிக்கத்தான் செய்யும். அங்கே கூட்டம் பெரிது. கடி பலருக்கும் பங்காகிப் போகும். கடிபட்டவன் கிளைவிட்ட பவளத்துக்குள் புகுந்துகொள்ளலாம், அடுத்த கூட்டத்துக்கும் போகலாம். ஏழு பேர் இருக்கும் நாலடித் தொட்டியில் கடி தினமும் அந்தக் கடைசி மீனுக்கே விழுகிறது. அது செத்ததும் ஆறாவது மீன் கடைசி மீனாகிறது. நடுவில் நான் கொண்டுவந்து விட்ட புதிய மீனுக்கு ஒளிய மூலைகூடத் தெரியாது. அவள் இல்லாத நேரத்தில் அவசர அவசரமாக நான் செய்தது அதற்குத்தான் எமனாயிற்று.

பயமுறுத்தப் பெரிய மீன் ஒன்றை விட்டால் கூட்டம் சேருமே என்று சிலர் யோசனை சொல்வார்கள். சேரும். நாள் முழுக்கப் பயந்து, தீனி சரியாக எடுக்காமல் சேர்ந்திருக்கும். எனக்கு அதில் சம்மதமில்லை.

அப்படியானால் எந்த மீன்? ஆந்தியாஸ் பேரழகு, ஆனால் ஓர் ஆணுக்குப் பல பெண் என்ற குடும்பம் அது. ஆண் இறந்தால் பெரிய பெண் மீனே ஆணாக மாறிவிடும்! நாளைக்கு மூன்று நான்கு தடவை தீனி கேட்கும். கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகும் வீட்டில் கஷ்டம். இந்தோனேசியாவின் பங்காய் தீவுகளைச் சேர்ந்த பங்காய் கார்டினல் முட்டைகளை வாயிலேயே வைத்து அடைகாக்கும்; காப்பது தகப்பன், அதுவரை அவனுக்குப் பட்டினி. பார்க்க வேண்டிய அதிசயம்தான். ஆனால் ஒரு ஜோடி சேர்ந்துவிட்டால் மற்றவற்றை அடித்துத் தீர்த்துவிடும். அதை ஜோடியாக மட்டும் வையுங்கள்.

என் தொட்டியில் இப்போது இருப்பது பைஜாமா கார்டினல். முன்பாதி மஞ்சள், நடுவில் கறுப்புப் பட்டை, பின்பாதி முழுக்கப் புள்ளி போட்ட பைஜாமா. குரோமிஸ்போல் பாய்ந்து திரியாது. ஐந்தும் ஒரே பக்கம் முகம் வைத்து, கோவில் வரிசைபோல் மிதந்துகொண்டிருக்கும். விளக்கு வைக்கும் நேரத்துக்குச் சுறுசுறுப்பு வரும். 2020 ஜனவரியில் ஐந்தையும் ஒரே நாளில், ஒரே அளவில், சிறியதாகப் பார்த்து வாங்கினேன். நாலு வாரம் தனித்தொட்டியில் வைத்து, நோயில்லை என்று தெரிந்த பின் ஒன்றாகவே விட்டேன். இந்த "ஒன்றாக" என்பதில்தான் பாதி வெற்றி.

இனித் தொட்டி. சமையல் உப்பு உதவாது; கடல் நீரில் மக்னீசியம், கால்சியம், பொட்டாசியம் எல்லாம் கலந்திருக்கிறது. செயற்கைக் கடலுப்பு என்றே கேட்டு வாங்க வேண்டும். லிட்டருக்கு 35 கிராம். என் தொட்டிக்கு ஒன்பது கிலோவுக்குச் சற்றுக் குறைவு. தண்ணீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது; ஆகவே குறைந்த மட்டத்துக்கு ஆர்.ஓ. நல்ல தண்ணீரே ஊற்ற வேண்டும். கண்ணாடியில் ஒரு கோடு போட்டுவைத்தால் போதும்.

தண்ணீர் கலந்த அன்றே மீன் விடக் கூடாது. மீன் கழிவில் உண்டாகும் அம்மோனியா விஷம். அதை ஒருவகை நுண்ணுயிர் நைட்ரைட் ஆக்கும், அதுவும் விஷம். இன்னொரு வகை நைட்ரேட் ஆக்கும். அது அவ்வளவு கெடுதலில்லை, இரண்டு வாரத்துக்கொருமுறை கொஞ்சம் தண்ணீர் மாற்றினால் குறையும். இந்த நுண்ணுயிர்கள் பெருக நாலு முதல் ஆறு வாரம் ஆகும். நம் பெண்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்: பாலில் உறை ஊற்றிக் காத்திருப்பதுதான். சோதனைப் பெட்டியில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் காட்டினால் தயிர் தோய்ந்துவிட்டது என்று அர்த்தம். மின்சாரம் நின்றால் மீன் மூச்சுத் திணறும். 2020 அக்டோபர் 12-ம் தேதி மும்பை முழுதும் விளக்கணைந்தபோது எங்களைக் காப்பாற்றியது பேட்டரியில் ஓடும் ஒரு சின்னக் காற்று பம்பு.

அழகுக்கென்று யாராவது பவளம், கடல்குதிரை விற்றால் வாங்காதீர்கள். 2001 முதல் அவை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வந்துவிட்டன. பாறைக்குச் செராமிக் துண்டுகளே போதும்.

இந்த ஐந்தை வாங்கும்போது மகள் ஒரு நிபந்தனை போட்டிருந்தாள்: "ஒண்ணு செத்தா எங்கிட்ட சொல்லணும்." சென்ற ஆண்டு ஒன்று இறந்தது. துடுப்பில் ஒரு கிழிசல்கூட இல்லை, வயதுதான் காரணமாயிருக்கும். அவள் புணேயில் விடுதியில் இருக்கிறாள். அன்றைக்கே கூப்பிட்டுச் சொன்னேன். ஒத்திகையன்று குழந்தைகள் பார்த்தது நாலு மீன். ஐந்தாவதை நான் வாங்கவில்லை.

தொட்டி வைக்க முடிவு செய்துவிட்டவர்கள் அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும்போது மூடியுள்ள ஒரு டப்பா கொண்டுவாருங்கள். என் வடிகட்டியிலிருந்து செராமிக் வளையங்கள் ஒரு கை எடுத்து, தொட்டித் தண்ணீரோடு தருகிறேன். காயவிடாமல் அன்றிரவே உங்கள் வடிகட்டியில் போட்டுவிட வேண்டும். உறை மோர் இரவல் கொடுப்பதில் நமக்கென்ன தயக்கம்?